வெருளியின் தலையில் குந்திய காகம்

அன்பின் அக்கா,

சினிமா பற்றி உங்கள் தளத்தில் வருவதையெல்லாம் வாசிக்கிறவன் நான். பேய்ப் படங்களைப் பற்றி மட்டும் நீங்கள் இதுவரை வாய் திறக்கவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தொன்பது வயது. பன்னிரண்டு வயதில், ஒன்றுவிட்ட அண்ணா கொண்டுவந்த சீடியில் ஜப்பான்காரரின் 'ரிங்கு' பார்த்தேன். கிணற்றுக்குள்ளிருந்து அந்தப் பேய்ப் பெண் ஏறி வருகிறாள். எங்கள் வீட்டில் கிணறு குசினிக்குப் பின்னால். ஒரு மாதம், பொழுதுபட்டால் கை கழுவக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. அந்தப் பயத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்றுதான் பிறகு தேடித்தேடிப் பார்க்கத் தொடங்கினேன். கொரியா, தாய்லாந்து, ஸ்பெயின், இந்தோனேசியா என்று ஒன்றையும் விடவில்லை. இப்போது எதைப் போட்டாலும் "இந்தா வரப்போகுது" என்று நான் சொல்ல, அது வருகிறது. தங்கச்சி என்னோடு இருந்து படம் பார்க்க மாட்டாள். பொறுமையில்லாமல் சில படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் முடிக்கிறேன். இணையத்தில் தேடினால் எல்லாப் பட்டியலிலும் அதே பத்துப் படம். தமிழில் வருகிறவற்றைச் சொல்லவே தேவையில்லை, பேய் வந்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

கடைசியாக ஒரே ஒரு இடத்தில்தான் எனக்குக் கை விறைத்தது. 'ஹெரடிட்டரி'யில் பெடியன் இருட்டில் கட்டிலில் எழும்பி இருக்கிறான், அவனுக்குப் பின்னால் சுவரின் மேல் மூலையில் தாய். அதைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கு இனிப் பயமே வராதா? வரப்பண்ணுகிற படம் ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.

வாசகர் (பெயர் வேண்டாம்)
கொக்குவில்

அன்பின் தம்பி,

ஒன்றரை மடங்கு வேகத்துக்கு உங்கள் காதைப் பிடித்து முறுக்க வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் அந்தச் சுவர் மூலை. அந்த இடத்தில் இயக்குநர் ஆரி ஆஸ்டர் என்னென்ன செய்யாமல் விட்டார் என்று பாருங்கள். இசையால் அடிக்கவில்லை. கமரா மூலைக்குக் கிட்டப் போகவில்லை. பெடியன் திரும்பிப் பார்க்கவுமில்லை. இருட்டறை ஒன்றைக் காட்டிவிட்டு மனுசன் சும்மா இருக்கிறார். ஒன்றாக இருந்து பார்க்கிற நாலு பேரில் ஒருவர் உடனே காண்பார், ஒருவர் பிந்திக் காண்பார், ஒருவர் காணாமலே இருந்துவிடுவார். உங்களுக்கு அதை ஒருத்தரும் விரல் நீட்டிக் காட்டவில்லை. நீங்களாகத் தேடிக் கண்டீர்கள், அதுதான் கை விறைத்தது.

மற்றப் படங்களில் உங்களுக்கு நடப்பது திடுக்கிடல். குசினியில் சட்டி விழுந்தாலும் அது வரும். எத்தனை படம் பார்த்த ஆளானாலும் உடம்பு ஒருதரம் துள்ளும், பிறகு அடங்கிவிடும். எங்கள் பேச்சிலேயே இந்த வித்தியாசம் கிடக்கிறது. "திடுக்கிட்டுப் போனன்" என்றால் அது முடிந்த விசயம். "பயமாக் கிடக்கு" என்றால் இன்னும் கிடக்கிறது. நீங்கள் தேடுவது இந்த இரண்டாவதை. பட்டியல் போடுகிறவர்கள் உங்களுக்குத் தருவது முதலாவதை.

எங்கள் அப்பா கச்சான் போட்ட காலத்தில் தோட்டத்தில் ஒரு வெருளி கட்டி நட்டிருந்தார். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: கச்சான் நிலக்கடலை, வெருளி சோளக்கொல்லைப் பொம்மை.) பழைய மண்சட்டியில் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும், கீழே அவருடைய கிழிந்த சேட். முதல் கிழமை காகம் ஒன்றும் அண்டாது. இரண்டாம் கிழமை ஒன்று வேலியில் இருந்து யோசிக்கும். மூன்றாம் கிழமை அது சட்டியின் மேலேயே குந்தியிருக்கும். அப்பா அதற்காக இதைவிடப் பெரிய வெருளி ஒன்று கட்டப் போகவில்லை. பொழுதுபட்ட பிறகு போய், இருந்ததைப் பிடுங்கி நாலு பாத்தி தள்ளி நட்டுவிட்டு வருவார். சில நாள் சட்டியைக் கழற்றிவிட்டு வெறும் சேட்டை மட்டும் ஆடவிடுவார். காகம் பிறகு ஒரு கிழமைக்கு வேலிக்கு அப்பால்தான்.

நீங்கள் சட்டியில் குந்தியிருக்கிற காகம், தம்பி. இசை நிற்கும், மனதுக்குள் மூன்று எண்ணலாம், குளியலறைக் கண்ணாடிக் கதவை மூடினால் பின்னால் ஆள் நிற்கும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதற்குப் பரிகாரமாக இன்னும் கூட இரத்தம், இன்னும் நீளமான பல், இன்னும் உரத்த சத்தம் என்று தேடுகிறீர்கள். வேறு பாத்தியில் நட்டவர்களைத் தேடுங்கள்.

பழசிலிருந்து ஒன்று சொல்கிறேன். 1961இல் வந்த 'த இன்னசென்ற்ஸ்'. ஜாக் கிளேற்றன் எடுத்தது, ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய கதை. கறுப்பு வெள்ளை என்று முகம் சுழிக்க வேண்டாம். அதில் ஒரு குளம் வருகிறது. நல்ல பகல். மறுகரையில், நாணலுக்கு நடுவில், கறுப்பு உடுப்போடு ஒரு பெண் நிற்கிறாள். அவ்வளவுதான். கிட்ட வரவில்லை, வாய் திறக்கவில்லை, கத்தவில்லை. இருட்டில் வருகிறதோடு நாங்கள் ஒருவாறு சமாளித்துவிடுவோம், லைற்றைப் போட்டால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். பட்டப்பகலில் நிற்கிறதை என்ன போட்டுத் துரத்துவது? ஒளிப்பதிவாளர் பிரெடி பிரான்சிஸ் அகலத் திரையின் இரண்டு ஓரங்களையும் இருட்டாக்குவதற்காகக் கமராவின் வடிகண்ணாடிகளில் கையால் நிறம் பூசினார். அதனால் படம் முழுக்க, ஓரத்தில் ஏதோ நிற்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது ஜப்பான். கியோஷி குரொசாவாவின் 'கைரோ' (2001). சிவப்பு ஒட்டுநாடா ஒட்டி அடைத்த ஓர் அறைக்குள் ஒருவன் போகிறான். மறு அந்தத்திலிருந்து ஒரு பெண் மெல்ல மெல்ல நடந்து வருகிறாள். பாதி வழியில் கால் இடறி ஒரு பக்கமாகச் சரிந்து, திரும்ப நிமிர்ந்து வருகிறாள். பேய் ஏன் தடக்குப்பட வேண்டும்? பேய்ப் பட இலக்கணத்தில் அதற்கு இடமே இல்லை. இலக்கணம் தெரிந்த உங்களைப் போன்ற ஆளைத்தான் அது கூடுதலாக வெருட்டும். 'ரிங்கு'வில் அவள் நடந்த நடை நினைவிருக்கிறதா? நடித்தவரைப் பின்பக்கமாக நடக்கவிட்டு எடுத்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். ஏதோ பிழை என்று உடம்புக்குத் தெரிகிறது, என்ன பிழை என்று மூளைக்குப் பிடிபடவில்லை. இதையெல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் பகிடிப் படமாகத்தான் இருக்கும். காது முறுக்கு இதற்குத்தான்.

'எக்ஸோர்சிஸ்ற்' (1973) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்ட மாதிரி வைத்துக்கொள்கிறேன். கோயிலில் உரு வந்து ஆடுவதையும் வேப்பிலை அடிப்பதையும் சின்ன வயதிலிருந்து பார்த்த எங்களுக்கு, கட்டிலில் கட்டிவைத்த பிள்ளையைக் காட்டிப் பெரிதாக வெருட்ட முடியாது. எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு நூல் கட்ட ஓராள் இல்லையோ?" என்று கேட்டா. என்னை அந்தப் படத்தில் உறையவைத்தது ஆஸ்பத்திரிக் காட்சி. கழுத்தில் ஊசி ஏற்றி மூளையைப் படம் பிடிக்கிற அந்த மெசின் சத்தத்தில் பேயே இல்லை.

தமிழ்ப் படங்களில் பேய் வந்தால் சிரிக்கிறார்கள் என்று குறைப்படுகிறீர்கள். அதில் எனக்குக் கோபமில்லை. 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) எல்லாம் திருவிழாச் சாமான், குடும்பத்தோடு போய்ச் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு வருவதற்கு. என் பிரச்சினை வேறு. தமிழ்ப் படப் பேய் எப்போதும் ஒரு வழக்காளி. இடைவேளைக்குப் பிறகு அதற்கு ஒரு பழைய கதை இருக்கும்: காணி பறிபோயிருக்கும், கற்பு பறிபோயிருக்கும், கொன்று புதைத்திருப்பார்கள். கேட்டதும் எங்களுக்கு இரக்கம் வந்துவிடும். இரக்கம் வந்த இடத்தில் பயம் எழும்பிப் போய்விடும். கடைசியில் தீர்ப்பு, கையெடுத்துக் கும்பிட்டுப் பேய் போய்விடும். விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009) இந்த வழக்காடலில்தான் முடிகிறது, ஆனாலும் அதன் முன்பாதியைத் திரும்பப் பாருங்கள். புது அடுக்குமாடி வீடு. எல்லாரையும் ஏற்றிப் போகிற லிப்ற், மாதவன் தனியே ஏறினால் மட்டும் அசையாது. வீட்டில் பால் திரைகிறது. ரி.வி. நாடகத்தில் நடப்பது வீட்டிலும் நடக்கிறது. பி.சி. ஸ்ரீராம் அந்த வீட்டைப் பளிச்சென்ற வெளிச்சத்தில்தான் காட்டுகிறார். மலையாளத்தில் ராகுல் சதாசிவனின் 'பூதகாலம்' (2022) இன்னும் ஒரு படி மேல். ரேவதி தாய், ஷேன் நிகம் மகன். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள், ஒருவர் சொல்வதை மற்றவர் நம்புவதில்லை. பேயைக் கழித்துவிட்டாலும் அந்த வீட்டில் ஒரு இரவு நிற்க எனக்கு ஏலாது.

இனி, உங்களுக்கு என்று நான் எடுத்துவைத்த படம். 'அண்டர் த ஷடோ' (2016), பாபக் அன்வரி எடுத்தது, பாரசீக மொழி. ஈரான்-ஈராக் போர்க் காலத் தெஹ்ரான். கணவனைப் போர்முனைக்கு வைத்தியராக அனுப்பிவிட்டார்கள். தாயும் சின்ன மகளும் மாடி வீட்டில். மேல் வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு ஏவுகணை விழுகிறது, வெடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஜின் வந்துவிட்டது என்று பிள்ளை சொல்கிறாள். ஜின்னை விடுங்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சாமான் கட்டிக்கொண்டு வெளிக்கிடுகின்றன. ஒவ்வொரு குடும்பம் போகும்போதும் கட்டடத்தில் ஒரு சத்தம் குறைகிறது. படத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நான் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

நீங்கள் அப்போது பிறந்தே இருக்கமாட்டீர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்க, நகரும் சுற்றூர்களுமான வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தால் ஆளோடு ஆள் இடிபட்டுக் கிழக்கே தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது முற்றத்தில் புல் இடுப்பளவு. ஜன்னல் கதவுகள் இல்லை, சைக்கிள் இல்லை, கிணற்று வாளியும் இல்லை. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். சாமி அறைக்குப் பக்கத்தில் நாட்கலண்டர் மட்டும் ஆணியில் அப்படியே தொங்கியது. அம்மா ஒவ்வொரு காலையும் முகம் கழுவிவிட்டு வந்து ஒரு தாள் கிழிப்பா. நாங்கள் வெளிக்கிட்ட அன்று அதில் 30 இருந்தது. வந்து பார்த்தபோது நவம்பர் 17 இருந்தது. கிழித்த பதினெட்டுத் தாள்களும் நாலாக மடித்து, குத்துவிளக்குக்குக் கீழே அடுக்கியிருந்தன. "ஆரோ வயசு போனதுகள் நடக்கேலாமல் தங்கியிருக்குங்கள்" என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆணியில் அவ பிறகு கலண்டர் கொழுவவுமில்லை. யாரோ எங்கள் வீட்டில் இருந்தார்கள் என்பது என்னைப் பயப்படுத்தவில்லை. அவர்கள் நாளுக்கு ஒன்றாகக் கிழித்தார்கள், 17ஆம் திகதி கிழிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கிடக்கிறது.

இந்த நினைவு இல்லாத ஒருவருக்கு அந்த ஈரானியப் படம் வெறும் நல்ல படமாக இருந்துவிட்டுப் போகலாம். 'ரிங்கு' உங்களைப் பிடித்ததற்கும் காரணம் உங்கள் வீட்டுக் கிணறு குசினிக்குப் பின்னால் இருந்ததுதான், குழாய்த் தண்ணீர் வீட்டில் வளர்ந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பீர்கள். அதனால் மற்றவர்களின் பட்டியலைப் பார்க்க முதல், உங்கள் வீட்டில் பொழுதுபட்டால் எந்தப் பக்கம் போக மனம் வராது என்று யோசியுங்கள். படத்தை அங்கிருந்து தேடலாம்.

பார்க்கிற விதமும் இருக்கிறது. தொண்ணூறுகளில் இங்கே கரன்ட் இல்லை. ஊரில் எங்கோ ஒரு ஜெனரேற்றர், அதைப் பெற்றோல் கொஞ்சம் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். முற்றத்தில் ரி.வி.யும் வீடியோ கசெற் போடுகிற டெக்கும், ஆளுக்கு இவ்வளவு என்று காசு. இடையில் நிறுத்த முடியாது, எழும்பிப் போனால் இடம் போய்விடும். முடிந்ததும் ஜாம் போத்தல் விளக்கோடு கிடுகு வேலி ஒழுங்கையால் வீட்டுக்கு நடக்க வேண்டும். பேய்ப் படத்தின் மிச்சம் அந்த ஒழுங்கையில்தான் ஓடியது. இப்போது நீங்கள் படம் முடிந்த கையோடு போனை எடுத்து, முடிவுக்கு விளக்கம் சொல்கிற வீடியோவைத் தேடுகிறீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், நானும் செய்கிறதுதான்.

தொடங்குவதற்கு ஒன்று: 'லேக் மங்கோ' (2008), அவுஸ்திரேலியாவில் ஜோயல் அண்டர்சன் எடுத்தது. பதினாறு வயதுப் பெட்டை ஒருத்தி நீரில் மூழ்கிச் சாகிறாள். தாய், தகப்பன், சகோதரன் மூன்று பேரும் கமராவுக்கு முன்னால் இருந்து கதைக்கிறார்கள், செய்திப் படம் மாதிரி. நடிகர்கள் வசனத்தைப் பெரும்பாலும் தாங்களாகவே பேசியிருக்கிறார்கள், அதனால் நடிப்பு என்றே தெரியாது. பேய்ப் படமா, செத்த வீடா என்று சந்தேகம் வரும். ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு. தங்கச்சியையும் பக்கத்தில் இருத்துங்கள், "இந்தா வரப்போகுது" சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு. வேகத்தைத் தொடக்கூடாது. புகைப்படங்கள் வரும்போது நடுவில் இருக்கிறவர்களைப் பார்க்காமல் ஓரங்களைப் பாருங்கள். கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கும்போது எழும்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா