வீட்டில் எடுத்த தேங்காயெண்ணெய் கலங்கலாக இருந்தால்

தேங்காய்ப்பாலை ரெண்டு நாள் வெளியில புளிக்க வச்சு எடுத்த எண்ணெய் கலங்கலாவும் புளிச்ச மணமாவும் இருக்கெண்டு கேட்டிருந்தீங்கள். ரெண்டு நாள் வச்சதாலதான் அந்தப் புளிச்ச மணம். கொழும்பு வெக்கைக்கு 18 முதல் 24 மணித்தியாலம் தாராளம். ஏறின மணம் லேசில போகாது, அந்த எண்ணெயைத் தலைக்குப் பூசுங்கோ.

கலங்கலுக்குக் காரணம் வேற: எண்ணெயோட தண்ணியும் வந்திருக்கு. வாயகன்ற கிண்ணத்தில ஊத்தி ஒரு இரவு பிரிட்ஜில வையுங்கோ. எண்ணெய் மேல கட்டியாகும், தண்ணி அடியில நிக்கும். ஓரத்தில கத்தியால துளை போட்டு அதை வடிச்சுப்போட்டு, கட்டியின்ட அடியில ஒட்டியிருக்கிற வெள்ளைச் சவ்வையும் சுரண்டி எறியுங்கோ. விட்டால் கெதியில காறல் மணம் வரும். பிறகு கிண்ணத்தைச் சுடுதண்ணிக்குள்ள வச்சு உருக்கி, பருத்தித் துணியால வடியுங்கோ. துணியும் போத்தலும் நல்லாக் காய்ஞ்சிருக்க வேணும், ஈரமெண்டால் திரும்பவும் கலங்கும்.

அடுத்த முறை முதற்பால் மட்டும் எடுங்கோ.