இரவில் காணாமல் போகும் குளோரின்

தண்ணீர் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுபவர், குன்னூரில் குடிநீர்ப் பணியில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: கோத்தகிரியை ஒட்டி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே எங்கள் வீடு. பேரப்பிள்ளைகளுக்காக 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழத்தில் நீச்சல் குளம் கட்டினோம். தண்ணீர், தோட்டத்துக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து வருகிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு 400 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறேன். அரை மணி நேரம் கழித்துச் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டால் வெளிர் மஞ்சள் தெரிகிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு நிறமே இல்லை. தண்ணீர் என்னவோ பளிங்கு போலத்தான் இருக்கிறது. குளத்தைப் பராமரிக்க வருபவர், மலை வெயில்தான் காரணம், ஸ்டெபிலைசர் போட வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பவுடரை இரண்டு மடங்காக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (25 கிலோ மூட்டை ஒன்றை மழைக்கு முன்பே வாங்கி பம்ப் அறையில் வைத்திருக்கிறேன்.)
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோத்தகிரி

பதில்: ஐயா, இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். மாலை ஆறு மணிக்குப் போட்டது காலை ஏழு மணிக்குள் போய்விட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இடையில் இருப்பது ஓர் இரவு. இரவில் நடந்த திருட்டுக்குச் சூரியனைப் பிடித்து விசாரித்து என்ன பயன்? விடிந்த பிறகு கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேர இளவெயிலுக்கு அவ்வளவு பசி கிடையாது. வெயிலும் குளோரினைத் தின்னும், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் உங்கள் வீட்டுத் திருடன் அவன் இல்லை.

வங்கியில் இருந்தவர் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குளம் 40,000 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் கிடைக்கும். 400 கிராமில் 120 கிராம், அதாவது லிட்டருக்கு 3 மில்லிகிராம். அந்த அளவு இருந்தால் சோதனைக் குழாயில் அழுத்தமான மஞ்சள் வர வேண்டும். உங்களுக்கு வந்ததோ வெளிர் மஞ்சள். கடிதம் முழுவதிலும் எனக்கு உறுத்தியது அந்த ஒரு சொல்தான். அரை மணி நேரத்திலேயே பெரும்பகுதி வரவில் இல்லை. ஒன்று, போட்டதே குறைவு. அல்லது, போட்டவுடன் எதுவோ தின்றுவிட்டது.

முதல் சந்தேகம் அந்த மூட்டையின் மேல். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் உங்கள் ஊருக்கு வடகிழக்குப் பருவமழைதான் நன்றாகக் கொட்டும். அந்த இரண்டு மூன்று மாத ஈரத்தில், பம்ப் அறையில் வாய் திறந்து கிடந்த மூட்டை என்ன ஆகியிருக்கும்? பிளீச்சிங் பவுடர் ஈரத்தையும் காற்றையும் இழுத்து, குளோரினை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாக மாறிக்கொண்டே இருக்கும். பார்வைக்கு வெள்ளையாகவே இருக்கும் என்பதுதான் வேதனை. நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு கோடையில் குழாய் முனைகளில் குளோரின் சுத்தமாக இல்லை. குடிநீரில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். திறந்த தொட்டி, வெயில் என்று மேலதிகாரிக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து, சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டையில் கை விட்டபோது பவுடர் கட்டி கட்டியாக வந்தது. அடுக்கச் சொன்னவன் நான்தான். அன்றிலிருந்து எதையும் வெயிலின் தலையில் கட்டுவதில்லை.

ஊகம் வேண்டாம், வாளி வைத்துப் பார்க்கலாம். 10 கிராம் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விடுங்கள். பவுடர் நன்றாக இருந்தால் மேலே நிற்கும் தெளிவில் ஒரு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் குளோரின் இருக்கும். மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் வாளிகளை எடுத்து, வாளியே குளோரினைத் தின்றுவிடாதபடி, இந்தக் கரைசலாலேயே ஒருமுறை அலசிக் கொட்டிவிடுங்கள். ஒன்றில் கடையில் வாங்கும் கேன் தண்ணீர் 20 லிட்டர், மற்றதில் குளத்துத் தண்ணீர் 20 லிட்டர். இரண்டிலும் அந்தத் தெளிவை 20 மில்லிலிட்டர் விட்டுக் கலக்குங்கள். உங்கள் குளத்துக்குப் போடும் அதே 3 மில்லிகிராம் கணக்கு. அரை மணி நேரத்தில் ஒருமுறை, விடிவதற்குள் ஒருமுறை சோதியுங்கள்.

கேன் தண்ணீரிலும் தொடக்கத்திலேயே வெளிர் மஞ்சள்தான் என்றால் மூட்டை வீரியம் இழந்துவிட்டது, அதைக் கழித்துவிடலாம். கேன் தண்ணீரில் நிறம் நின்று, குளத்துத் தண்ணீரில் மட்டும் மறைந்தால், தின்பது தண்ணீரிலேயே கரைந்திருக்கிறது. இரண்டு வாளியிலும் நிறம் நின்று, குளத்தில் மட்டும் மறைகிறதென்றால் தின்பது குளத்தின் உடம்பில் ஒட்டியிருக்கிறது. ஏணிக்குப் பின்னால், தண்ணீருக்குள் இருக்கும் விளக்கின் குழிக்குள், ஓடுகளின் இடுக்கில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் அதுதான் பாசி. மணல் வடிகட்டியை மறந்துவிடாதீர்கள். சுற்றிலும் கற்பூர மரமும் சில்வர் ஓக்கும் இருந்தால், அவற்றின் சருகுத் தூள் எல்லாம் அந்த மணலுக்குள்தான் ஊறிக்கிடக்கும். தினமும் உங்கள் குளத்துத் தண்ணீர் அந்தக் கஷாயத்தின் வழியாகத்தான் போய்வருகிறது. தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு, கலங்கல் தெளியும்வரை மணலைக் கழுவுங்கள்.

ஊற்றுத் தண்ணீர் மேலும் எனக்கு ஒரு கண் உண்டு. தேயிலைக்குப் போடும் யூரியாவும் அம்மோனிய உரங்களும் மழையில் கரைந்து ஊற்றில் இறங்கலாம். ஒரு பங்கு அம்மோனியா எட்டிலிருந்து பத்துப் பங்கு குளோரினை விழுங்கிய பிறகுதான் அடங்கும். சோதனைக் குழாயில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. நல்ல குளோரின் சொட்டு விட்டவுடன் மஞ்சளாகும். அம்மோனியாவோடு கட்டுண்ட குளோரின் சோம்பேறி. ஐந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல நிறம் ஏறும். இனிமேல் குழாயை உடனே கவிழ்த்துவிடாமல் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். சந்தேகம் வலுத்தால், மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் அம்மோனியா சோதனைப் பெட்டி கிடைக்கும். அதில் ஊற்றையும் குளத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். சோதித்த தண்ணீரைக் குளத்தில் கொட்ட வேண்டாம், அந்தச் சொட்டு மருந்து நல்லதல்ல.

இனி வைத்தியம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன இரண்டு மடங்கு போதாது. அரைகுறையாகப் போட்டால் அதையும் தின்றுவிட்டு நாளைக்கும் கேட்கும். ஒரே மூச்சில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு ஏற்ற வேண்டும். உங்கள் குளத்துக்கு அது 400 கிராம் குளோரின். புதிய பவுடர் என்றால் சுமார் 1.3 கிலோ, 10 சதவீத திரவ ஹைப்போகுளோரைட் என்றால் 4 லிட்டர். நான் திரவத்தைத்தான் சொல்வேன், சுண்ணாம்புச் சேறு மிச்சம். அதையும் கேன் கேனாக வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள், திரவமும் நாள்பட வலுவிழக்கும். முதலில் தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 7.2-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். 7.5-இல் குளோரினில் பாதிதான் வீரியமான வடிவில் இருக்கும், 8-இல் ஏறத்தாழ கால்பங்கு. பம்பை ஓடவிட்டு, சுவரைத் தேய்த்து, 10-க்குக் கீழே இறங்க இறங்க மறுபடி ஏற்றிக்கொண்டே இருங்கள். இவ்வளவு குளோரினில் குழாய் ஆரஞ்சு நிறமாகி அளவு தெரியாது. ஒரு பங்குக்கு நான்கு பங்கு கேன் தண்ணீர் சேர்த்துச் சோதித்து, வந்ததை ஐந்தால் பெருக்குங்கள். சூரியன் மறைந்த பின் ஓர் அளவு, உதிக்கும் முன் ஓர் அளவு எடுங்கள். இடையே எதுவும் போடக் கூடாது. வித்தியாசம் ஒரு மில்லிகிராமுக்குள் வந்தால் வேலை முடிந்தது. இரண்டு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அதுவரை பேரப்பிள்ளைகள் கரையில்தான்.

பிளீச்சிங் பவுடர் அள்ளும் கரண்டியால் நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரின் மாத்திரையின் (டிரைகுளோர்) தூளை அள்ளாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். அமிலத்தையும் பவுடரையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். கலந்தால் வருவது நச்சு வாயு.

இரவுக் கணக்கு நேரான பிறகு பராமரிப்பாளரின் யோசனைக்கு வரலாம், அவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காப்பு இல்லாத குளோரினில் பெரும்பகுதி ஒரு முற்பகல் வெயிலிலேயே போய்விடும். ஸ்டெபிலைசர் என்று அவர் சொல்வது சயனூரிக் அமிலம். லிட்டருக்கு 30 மில்லிகிராம் போதும், உங்களுக்கு 1.2 கிலோ. துணிப்பையில் கட்டித் தண்ணீர் பாயும் இடத்தில் தொங்கவிட்டால் மெல்லக் கரையும். நிறையப் போட்டுவிட்டால் குளோரினின் கையைக் கட்டிவிடும், பிறகு தண்ணீரை இறைத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் குளோரின் மாத்திரைகளில் இந்த அமிலம் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: விடுதிக் குளத்தில் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. அளவுக்கு மீறிப் போட்டுவிட்டார்களா?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: பெரும்பாலும் குறைவாகப் போட்டிருப்பார்கள், அம்மா. அந்த வாடையும் கண்ணெரிச்சலும் வியர்வை, சிறுநீரோடு சேர்ந்த குளோரினுடையவை. குளிக்கும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு இறங்கினால் பாதி வாடை இருக்காது.

கேள்வி: எங்கள் குளத்தில் காட்டெருமைகள் வந்து தண்ணீர் குடிக்கின்றன. குளோரின் அவற்றுக்குக் கெடுதியா?
— வாசகர், குன்னூர்

பதில்: லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருந்தால் அதைக் குடித்து ஒன்றும் ஆகாது. 10-க்கு ஏற்றும் நாட்களில் மட்டும் குளத்தை மூடி வையுங்கள். என் பயம் வேறு. ஏறிவரச் சரிவில்லாத குளத்தில் காட்டெருமை விழுந்தால் தானாக வெளியே வராது. வேலி போடுங்கள். விழுந்துவிட்டால் பக்கத்தில் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சாணி விழுந்த மறுநாள் குளோரின் அளவு இறங்கியிருக்கும், அதற்கும் வெயில் காரணமல்ல.