பிசிஓடி இருந்தால் கர்ப்பப்பையில் கேன்சர் வருமா?

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை) இருக்கிறது, நாலைந்து மாதத்துக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ் வருகிறது, பின்னாளில் கேன்சர் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் வராது. ஆனால் அப்படியே விட்டால் வாய்ப்பு கூடும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஹெச்பிவி வைரஸால் வருவது. நீங்கள் கேட்பது கருப்பையின் உட்சுவரில் வருவது. ஹெச்பிவி தடுப்பூசி இதைத் தடுக்காது. கருப்பை வாயைச் சோதிக்கும் பாப் ஸ்மியர் நார்மலாக இருந்தாலும் இது இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஈஸ்ட்ரோஜன் உட்சுவரை வளர்க்கும். சினைமுட்டை வெளியானபின் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் அந்த வளர்ச்சிக்கு அணை போட்டு, விலக்காக உதிரச் செய்யும். பிசிஓடியில் பல மாதங்கள் முட்டையே வெளியாவதில்லை, அதனால் புரோஜெஸ்ட்ரோனும் இல்லை. சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் இப்படியே போனால் செல்கள் மாறத் தொடங்கலாம். ஆகவே விலக்கு இல்லாமல் மூன்று மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மருத்துவர் பெரும்பாலும் 10 முதல் 14 நாளுக்குப் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை தருவார். நிறுத்திய சில நாளில் உதிரம் வரும். 'ஹார்மோன் மாத்திரையா, வேண்டவே வேண்டாம்' என்று பயந்து ஒதுக்குபவர்கள் நிறைய. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உட்சுவருக்குக் காவலே அந்த மாத்திரைதான்.

அடுத்தது உடல் எடை. விலக்கு நின்று சினைப்பை ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 30ஐத் தாண்டினால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு, 40ஐத் தாண்டினால் ஏழு மடங்கு அளவுக்குப் போகும். சர்க்கரை நோய், குழந்தை பெறாதது, 12 வயதுக்கு முன்பே பூப்பெய்தியது, 55 தாண்டியும் விலக்கு நிற்காதது ஆகியவையும் சேரும். கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிடக்கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடலாம், ஆனால் அதைத் தாமாக நிறுத்த வேண்டாம். ரத்தக்கசிவு கண்டால் மருத்துவரிடம் சொன்னால் போதும்.

ரத்த உறவில் 50 வயதுக்குள் பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் லிஞ்ச் நோய்க்கான (இந்தப் புற்றுநோய்கள் பரம்பரையாக வரும் தன்மை) மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள்.

வீட்டில் அம்மா, பெரியம்மாவிடமும் சொல்லிவையுங்கள்: விலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் உள்ளாடையில் ஒரு பழுப்புக் கறை பட்டாலும் 'உடம்புச் சூடு' என்று விடக்கூடாது. உள்வழி ஸ்கேனில் உட்சுவர் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் பயாப்சி (திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) எடுப்பார்கள். பேனா ரீஃபில் பருமனில் ஒரு குழாய், சில நிமிட வேலை, மாதவிலக்கு வலி போல வலிக்கும். சுவர் மெலிதாகவே இருந்தாலும் கசிவு மறுபடி வந்தால் பயாப்சியைக் கேட்டு வாங்குங்கள்.