98 கிலோ, இன்சுலின் ஊசி: அம்மாவுக்கு இரைப்பை அறுவை தகுமா?

எடையைக் குறைக்கும் இந்த அறுவை தகும். 158 செண்டிமீட்டர் உயரமும் 98 கிலோ எடையும் உள்ள உங்கள் அம்மாவின் உடல் நிறை குறியீடு (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 39. ஆசியர்களுக்கு அது 27.5ஐத் தாண்டினாலே அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டி கூறுகிறது.

பால்மரம் வெட்டி உழைத்தவர், சோற்றைக் குறைத்தும் எடை இறங்கவில்லை என்கிறீர்கள். இன்சுலினே எடையைக் கூட்டக்கூடியது. தயவுசெய்து அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

சுங்கை சிப்புட் கிளினிக்கில் கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைட் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கணையம் இன்னும் ஓரளவு இன்சுலின் சுரக்கிறதெனில் அறுவைக்குப்பின் நீரிழிவு தணியும் வாய்ப்பு கூடுதல். பல்லாண்டுகள் ஊசி போட்டவர்களுக்கு அது குறைவு.

இரைப்பையைக் குழாய்போல் குறுக்கும் ஸ்லீவ் அறுவை முறையில் அதன் ஏறத்தாழ 80 விழுக்காடு அகற்றப்படும், அது திரும்ப வளராது. வைட்டமின் மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். இதற்காக ஈப்போ மருத்துவமனைவரை அவரைத் தவறாமல் அழைத்துச் செல்ல ஆள் இருக்கிறாரா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். இல்லையெனில் இப்போதைக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.