சாக்பீஸும் 61 வயதும்

கேள்வி: பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியருக்கு வாரத்தில் ஐந்தாறு மணி நேரம் சாக்பீஸ் பிடிப்பதைத் தவிர வேறு என்ன வேலை? 40 வயதுக்கு மேல் கணிதமே வராது என்கிறார்களே, அப்புறம் ஓய்வு பெறும்வரை எதற்குச் சம்பளம்?

பதில்: சம்பளத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். சாக்பீஸை இளக்காரமாகப் பேசிவிட்டீர்கள். முதல் தகராறு அங்கேதான்.

சாக்பீஸில் இரண்டு ரகம். ஜிப்சத்தில் செய்தது லேசு. தூள் பறந்து மூக்கில் ஏறும். கால்சியம் கார்பனேட்டில் செய்தது கனம். தூள் காற்றில் மிதக்காமல் கீழே விழும். ஜப்பானில் ஹகோரோமோ என்ற கம்பெனி இந்த இரண்டாவது ரகத்தைக் கையில் ஒட்டாதபடி பூச்சுப் போட்டு விற்றுவந்தது. 2015-இல் அது கடையைக் கட்டப்போகிறது என்று தெரிந்ததும், பங்குச் சந்தையே கவிழ்ந்தாலும் தலைநிமிராத கணிதப் பேராசிரியர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். பிறகு ஒரு கொரிய நிறுவனம் இயந்திரங்களை வாங்கித் தொடர்ந்து செய்ய ஆரம்பித்த பிறகுதான் பீதி அடங்கியது.

பல்லைக் கூசவைக்கும் அந்தக் கீச்சொலி இருக்கிறதே, சாக்பீஸ் பலகையில் ஒட்டி, நழுவி, மறுபடி ஒட்டி வேகமாக அதிர்வதால் வருவது. முழு சாக்பீஸின் வாலைப் பிடித்துச் செங்குத்தாக அழுத்தினால் நிச்சயம் கீச்சிடும். இரண்டாக ஒடித்து, நுனிக்குப் பக்கத்தில் பிடித்து, சாய்த்து இழுத்தால் அடங்கிவிடும். ஈரப் பஞ்சால் துடைத்த பலகை காய்வதற்குள் எழுதினால் எழுத்து மங்கலாகத் தெரியும். காய்ந்ததும் பளிச்சென்று கிளம்பி, அப்புறம் துடைத்தாலும் போகாது. பிழையான சமன்பாடுதான் இப்படி நிலைத்து நிற்கும் என்பது என் சந்தேகம்.

ப்ரொஜெக்டர் அன்பர்களுக்கும் இந்தப் பக்கத்துக்கும் பழைய பகை. மறுபடியும் கடிதம் எழுதுவார்கள், எழுதட்டும். ஒரு ஸ்லைடு நொடியில் வந்து நிற்கிறது. அதே விஷயத்தைப் பலகையில் எழுத மூன்று நான்கு நிமிடம் ஆகும். கேட்பவர் யோசிப்பது அந்த நிமிடங்களில்தான். நடுவில் ஒரு கழித்தல் குறி தவறினால் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்குவாள். ஸ்லைடில் அதே தவறு இருந்தால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பலகையில் எழுதவும் முறை உண்டு. பலகையை மூன்று நான்கு பத்தியாக மனதுக்குள் பிரித்துக்கொண்டு, இடது மேல் மூலையில் தேற்றத்தை முழுசாக எழுதிவிட வேண்டும். மணி அடிக்கும்வரை அதன்மேல் துடைப்பான் படக்கூடாது. இடம் போதாதபோது அழிப்பது எல்லாவற்றிலும் பழைய பத்தியை. சற்றுமுன் எழுதியதை அழிப்பவர் பின்வரிசையை அப்போதே தொலைத்துவிடுகிறார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; எழுதியதும் நகர்ந்து நிற்க வேண்டும். பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் நிரூபிக்கப்பட்ட தேற்றங்கள் ஏராளம்.

சரி, வேறு என்ன வேலை? ஆய்வுப் பட்டத்துக்கு நாலைந்து வருடம், பிறகு இரண்டிரண்டு வருடமாக ஊர் ஊராக போஸ்ட்-டாக் என்னும் தற்காலிக ஆய்வு வேலை, அதன்பிறகு அதிர்ஷ்டம் இருந்தால் நிரந்தர வேலை. வழிகாட்டல், விடைத்தாள், சிபாரிசுக் கடிதம் எல்லாம் எந்தத் துறைக்கும் உள்ளவைதான். கணிதத்துக்கே உரிய சுமை, பிறர் எழுதிய நிரூபணத்தைச் சம்பளமில்லாமல் சரிபார்ப்பது. வேலை தெரிந்த மதிப்பீட்டாளர் கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்கமாட்டார். தேற்றத்தில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் எங்கே பயன்பட்டிருக்கிறது என்று தேடுவார். எங்கும் பயன்படாத நிபந்தனை இருந்தால் காது விறைக்கும். அடுத்து, மிகச் சிறிய உதாரணத்தைப் போட்டுப் பார்ப்பார். பிறகு, 'எளிதில் காணலாம்' என்று எழுதியிருக்கும் இடங்களில் போய் உட்கார்ந்துகொள்வார். பிழைகள் குடியிருப்பது பெரும்பாலும் அங்கேதான். கடைசியாக, வேறு கட்டுரையிலிருந்து கடன் வாங்கிய துணைத்தேற்றம் அங்கே என்ன நிபந்தனையோடு சொல்லப்பட்டதோ அதே நிபந்தனை இங்கேயும் இருக்கிறதா என்று பார்ப்பார்.

n இரண்டைவிடப் பெரிய முழு எண்ணானால் xⁿ + yⁿ = zⁿ என்பதற்கு நேர் முழு எண்களில் தீர்வே இல்லை என்கிற ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாகக் கணிதர் ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. சுமார் 200 பக்கக் கையெழுத்துப் பிரதி ஆறு மதிப்பீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவர்களில் நிக் கட்ஸ் கேள்விமேல் கேள்வியாக மின்னஞ்சலில் அனுப்பினார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஓட்டையை ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு அடைக்க 1994 செப்டம்பர் ஆகிவிட்டது. கட்டுரைகள் 1995-இல் அச்சாயின. கட்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் தவறான நிரூபணம் ஒன்று அச்சேறியிருக்கும். அந்தக் கேள்விக்கு, பேராசிரியரை மதிப்பிடும் எந்தப் படிவத்தில் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

படிவம் என்றதும் கை சும்மா இருக்கவில்லை. பல நிர்வாகங்கள் 'முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை' என்று கேட்கின்றன. கணிதத்தில் கூட்டுக் கட்டுரையின் பெயர்கள் அகர வரிசையில்தான் வரும். பெயர் கடைசி எழுத்தில் தொடங்குகிறவர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் முதல் ஆசிரியர் ஆகமாட்டார். பெயரை மாற்றிக்கொள்வது மலிவான வழி. இன்னொரு கொடுமை, இதழ்களின் தாக்கக் குறியீடு. ஒரு வருடத்தில் வந்த மேற்கோள்களில், முந்தைய இரண்டே வருடக் கட்டுரைகளுக்கு உரியதைத்தான் அது எண்ணும். கணிதக் கட்டுரையை மதிப்பிட்டு முடிக்கவே ஒன்றிரண்டு வருடம் போய்விடும். அதைப் படித்து, புரிந்து, மேல்கொண்டு ஒருவர் எழுதி, அதுவும் அச்சாகி வரும்போது கணக்குப்பிள்ளை ஏட்டை மூடியிருப்பார்.

இனி 40 வயது. இந்தப் புரளிக்கு மூலவர் ஆங்கிலேயக் கணிதர் ஜி. எச். ஹார்டி. கணிதம் இளைஞர்களின் ஆட்டம் என்றும், ஐம்பதைத் தாண்டியவர் தொடங்கிவைத்த பெரிய முன்னேற்றம் எதையும் தான் அறியவில்லை என்றும் 1940-இல் எழுதினார். அப்போது அவருக்கே அறுபது தாண்டிவிட்டது, மனம் சோர்ந்திருந்தார். கணிதத்தின் பெரிய பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கு 40 வயது வரம்பு வைத்ததும் சேர்ந்து, விதியே அப்படி என்றாகிவிட்டது. ஆனால் யிதாங் ஜாங் என்ற கணிதர் ஐம்பதுகளின் பின்பாதியில், 2013-இல், இடைவெளி 7 கோடிக்கு மிகாத பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்தார். பேராசிரியர் பதவிகூட இல்லாமல் விரிவுரையாளராக இருந்தவர்.

எனக்கு அதைவிடப் பிடித்தவர் பிரெஞ்சுக்காரர் ரோஜர் அபேரி. 1 + 1/8 + 1/27 + 1/64 என்று முப்படிகளின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1.2020569... வரும். இதைப் பின்னமாக எழுத முடியுமா, முடியாதா? 18-ஆம் நூற்றாண்டுக் கணிதர் ஆய்லர் காலத்திலிருந்து தெரியாமல் கிடந்தது. 1978 ஜூனில் மார்செயில், 61 வயதில், முடியாது என்பதற்கு நிரூபணம் சொன்னார் அபேரி. கூட்டம் நம்பவில்லை. இந்தச் சூத்திரங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டதற்கு, என் தோட்டத்தில் முளைக்கின்றன என்றாராம்.

முளைத்தது இதுதான். 1, 5 என்று தொடங்குங்கள். n இடத்தில் 1 போட்டு 34n³ + 51n² + 27n + 5 என்பதைக் கணக்கிட்டால் 117. அதை 5-ஆல் பெருக்கி, n³ × முந்தைய எண், அதாவது 1 × 1 கழித்தால் 584. அதை 2-இன் முப்படியான 8-ஆல் வகுத்தால் 73. அடுத்து n = 2: 535 × 73, அதில் 8 × 5 போக 39015; அதை 27-ஆல் வகுத்தால் 1445. இப்படிப் பெரிய பெரிய எண்ணால் வகுத்துக்கொண்டே போகிறோம், மீதி வருவதே இல்லை. கூட்டம் நம்பாததில் என்ன ஆச்சரியம்? அதே விதியை 0, 6 என்று தொடங்கினால் அடுத்தது 87.75. அதை 73-ஆல் வகுத்தால் 1.2020547. மேலே சொன்ன 1.2020569-க்கு மூன்றாவது எண்ணிலேயே இவ்வளவு நெருக்கம்! ஆன்றி கோஹன் முதலான கணிதர்கள் உட்கார்ந்து சரிபார்த்து, ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் நடந்த உலகக் கணித மாநாட்டில் முழு நிரூபணத்தையும் கோஹன் எடுத்துரைத்தார்.

நீங்கள் n = 3 போட்டுப் பாருங்கள். 64-ஆல் வகுக்கவேண்டி வரும். விடை 33001. மீதி வந்தால் பெருக்கலைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் சம்பளத்தைப் பற்றி எழுதுங்கள்.