கிண்ணம் கசிகிறது, திருப்பி அனுப்பலாமா?

ஜப்பானிய, சீனத் தேநீர்ச் சாமான்கள் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். இவற்றை வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். விற்கிறவர்களில் பலருக்குத் தாங்கள் விற்பது என்னவென்றே சரியாகத் தெரியவில்லை என்பதும் இந்தக் கடிதங்களில் தெரிகிறது.

கேள்வி: ஹாகி தேநீர்க் கிண்ணம் ஒன்றை 9,500 ரூபாய் கொடுத்து ஜப்பானிலிருந்து வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தால் அடிப்பாதத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததுபோல் இருக்கிறது. வெந்நீர் ஊற்றி வைத்தால் அரை மணியில் அடியில் ஈரம் படிகிறது. உடைந்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் அவகாசம். (கோவை வாசகி)

பதில்: அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டுமே ஹாகி கிண்ணத்தின் இயல்புகள்.

பாதத்தில் இருக்கும் வெட்டுக்குக் ‘கிரிகோடாய்’ என்று பெயர். மண் காய்வதற்கு முன்பே குயவர் வேண்டுமென்றே வெட்டுவது. கொரியாவிலிருந்து வந்த பழக்கம் அது. 1590-களில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி கொரியா மீது படையெடுத்தபோது அங்கிருந்து குயவர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் யி சாக்-குவாங், யி கியோங் என்ற சகோதரர்கள் மோரி பிரபுவின் ஆதரவில் யமகுச்சிப் பகுதியின் ஹாகி ஊரில் சூளை போட்டார்கள். 400 ஆண்டுகளாக அந்தக் கைவழி தொடர்கிறது. வெட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மழுங்கி, மற்ற இடங்களைப் போலவே சூடுபட்ட நிறத்தில் இருந்தால் அது குயவர் வெட்டியது. ஓரம் கூராகக் கீறி, உள்ளே புது மண் பளிச்சென்று தெரிந்தால் வழியில் உடைந்தது. அப்படியானால் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்.

அடுத்து கசிவு. ஹாகி மண் இறுகிப்போகும் அளவுக்குச் சுடப்படுவதில்லை. மேலே உள்ள பளபளப்புப் பூச்சிலும் முடிபோல் மெல்லிய விரிசல்கள் ஓடும். அந்த விரிசல்கள் வழியாகத் தேநீர் உள்ளே இறங்கி, ஆண்டுக்கணக்கில் கிண்ணத்தின் நிறமே மாறும். ‘ஹாகியின் ஏழு மாற்றங்கள்’ என்று ஜப்பானியர் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். தேநீருக்கு ‘முதலில் ராக்கு, இரண்டாவது ஹாகி, மூன்றாவது கராட்சு’ என்று அவர்கள் கிண்ணங்களை வரிசைப்படுத்துவதில் ஹாகிக்கு இரண்டாம் இடம் கிடைத்ததற்கு இந்த மென்மையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கசிவை நிறுத்த அவர்கள் செய்வது நம் வீட்டு வேலைதான். புது மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீரில் பழக்குவோம் இல்லையா, அதேபோல் நீர்த்த கஞ்சியில் கிண்ணத்தை மூழ்க வைத்து, மிகச் சின்னத் தீயில் மெதுவாகச் சூடேற்றி, அதிலேயே ஆறவிட்டுக் கழுவிக் காயவையுங்கள். மாவுச்சத்து நுண்துளைகளை அடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் குடிப்பதற்கு முன் சாதாரண நீரில் சில நிமிடம் ஊறவிட்டால் கறையும் சீராகப் படியும். சோப்பு வேண்டாம், மணம் உள்ளே தங்கிவிடும். இத்தனைக்குப் பிறகும் ஒரே இடத்திலிருந்து சொட்டினால் அது விரிசல். ஆகவே இன்றைக்கே விற்பனையாளருக்குப் படத்தோடு எழுதி, ‘கஞ்சியில் பழக்கிப் பார்க்கிறேன், அதன் பிறகும் சொட்டினால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா’ என்று கேளுங்கள். ஏழு நாள் முடிவதற்குள் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். பதில் வராவிட்டால் அந்த ஏழு நாளுக்குள்ளேயே முடிவெடுத்துவிடுங்கள்.

கேள்வி: ‘செரிமோனியல் கிரேடு’ (சடங்குத் தரம்) மட்சா, அதாவது பச்சைத் தேயிலைப் பொடி, 30 கிராம் 2,400 ரூபாய். வேறொரு கடையில் 100 கிராம் 900 ரூபாய், அதிலும் அதே சொல் இருக்கிறது. எதை நம்புவது? (சென்னை வாசகர்)

பதில்: அந்தச் சொல்லை நம்ப வேண்டாம். ‘செரிமோனியல் கிரேடு’ என்று ஜப்பானில் எந்தச் சட்டமும் தர வரிசை வைக்கவில்லை. வெளிநாட்டுச் சந்தைக்காகப் பிறந்த சொல் அது. யார் வேண்டுமானாலும் டப்பாவில் அச்சிடலாம்.

ஜப்பானியத் தேநீர்க்கடையில் கேட்பது வேறு: இது கொய்சாவுக்கு ஆகுமா, உசுசாவுக்கு ஆகுமா? கொய்சா என்பது ஆளுக்கு 4 கிராம் பொடியில் 30, 40 மில்லி வெந்நீர் விட்டுக் கூழ்போல் குழைப்பது. பொடி மட்டமாக இருந்தால் கசப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடித்துவிடும், ஒளிக்க வழியில்லை. உசுசா 2 கிராமில் சுமார் 70 மில்லி விட்டு நுரைக்க அடிப்பது. கொய்சாவுக்கு ஆகும் பொடி உசுசாவுக்கும் ஆகும். மறுபக்கம் அப்படிச் சொல்ல முடியாது. விற்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கேள்வியே புரியாதவரிடம் 2,400 ரூபாய் கொடுக்காதீர்கள்.

நல்ல மட்சாவுக்கு விலை இருப்பது நியாயம். பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே செடிக்கு நிழல் போடுகிறார்கள். வெயில் குறைந்தால் இலையில் பச்சையம் கூடும், துவர்ப்பு குறையும், இனிப்பு கலந்த சுவை தங்கும். பறித்த இலையை ஆவியில் வேகவைத்து, சுருட்டாமல் உலர்த்தி, நரம்பையும் காம்பையும் நீக்கினால் கிடைப்பது ‘டென்சா’. அதைக் கல் இயந்திரத்தில் அரைத்தால் மணிக்கு 30, 40 கிராம்தான் வரும். வேகமாக அரைத்தால் சூட்டில் மணம் போய்விடும். 2024 இலையுதிர் காலத்தில் தட்டுப்பாடு வந்து, கியோட்டோ பக்கத்துப் பழைய கடைகள் சில ஆளுக்கு இத்தனை டப்பா என்று அளவு வைத்தே விற்றன. 100 கிராம் 900 ரூபாய் என்றால் இத்தனை வேலையும் அதில் நடந்திருக்க முடியாது.

டப்பாவில் நான் தேடுவது: எந்த நாடு, எந்தப் பகுதி, முதல் பறிப்பா, எப்போது அரைத்தது. உள்ளடக்கத்தில் தேயிலை மட்டும்தான் இருக்க வேண்டும். சர்க்கரையோ பால் பொடியோ இருந்தால் அது கலவைப் பானம். ‘உஜி’ என்று போட்டிருந்தால் உஜி ஊரில் விளைந்தது என்று அர்த்தமில்லை. கியோட்டோ, நாரா, ஷிகா, மியே ஆகிய நான்கு மாகாணத் தேயிலையையும் கியோட்டோவில் பதப்படுத்தினால் அந்தப் பெயரில் விற்கலாம். இது ஏமாற்று இல்லை, தெரிந்து வாங்குங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இந்தியாவில் விற்கும் இறக்குமதி உணவு என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும் இறக்குமதியாளர் பெயர், முகவரியும் இல்லாத பாக்கெட்டைத் தொடவே வேண்டாம்.

கணக்கும் போட்டுவிடுவோம். 30 கிராமில் 15 கிண்ணம், கிண்ணத்துக்கு 160 ரூபாய். பாலும் சர்க்கரையும் சேர்த்துத்தான் குடிப்பீர்கள் என்றால் இவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை, நடுத்தர விலையில் பளிச்சென்ற பச்சையாக இருப்பது போதும். மஞ்சளோ காக்கியோ ஓடியிருந்தால் பழையது. திறந்ததும் ஒரு மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: ‘ஜப்பானிய இரும்பு கெட்டில்’ என்று போட்டிருந்ததை வாங்கி கேஸ் அடுப்பில் வைத்தேன். உள்ளே கறுப்புப் பூச்சு சில்லு சில்லாகப் பெயர்கிறது. ‘அடுப்பில் வைத்தது உங்கள் தவறு’ என்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் ஏமாற்றம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் இப்படி ஒன்றை இழந்தவள்தான். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பாத்திரங்களை ஒரே பெயரில் விற்பதுதான் பிரச்சினை.

‘டெட்சுபின்’ என்பது தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில். இவாத்தே மாகாணத்தில் மொரியோக்காவும் ஓஷுவும் இதற்குப் பேர்போன ஊர்கள். ‘நம்பு’ (Nambu) இரும்புச் சாமான் என்பார்கள். உள்ளே பூச்சு இல்லாத வெறும் வார்ப்பிரும்பு, மங்கிய சாம்பல் நிறம். தீயில் வைக்கலாம். மற்றது ‘கியூசு’, அதாவது டீ பாட். துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே கண்ணாடிபோல் எனாமல் பூசி, வடிகட்டிக் கூடையும் வைத்திருப்பார்கள். வேறிடத்தில் கொதித்த நீரை அதில் ஊற்றி இலையை ஊறவைக்க வேண்டும். தீயில் வைத்தால் இரும்பும் எனாமலும் ஒரே அளவில் விரிவதில்லை, பூச்சு விட்டுப்போகும். உங்களுடையது கியூசு. இனி அதில் எதையும் குடிக்காதீர்கள், சில்லு வயிற்றுக்குள் போகக்கூடாது.

இப்போது பணம். விற்பனைப் பக்கத்தில் ‘கெட்டில்’ என்றோ, அடுப்பில் வைத்திருக்கும் படமோ, ‘அடுப்புக்கு ஏற்றது’ என்ற வரியோ இருந்ததா? உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். எச்சரிக்கைச் சீட்டு பெட்டியில் இருந்ததா என்றும் பாருங்கள். இருந்திருந்தால் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்துவிடும், அதை மறைக்காதீர்கள். பக்கத்தில் தவறாகச் சொல்லியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

அடுத்த முறை நிஜ டெட்சுபின் வாங்கினால், உள்ளே செம்புள்ளி வந்ததும் பயந்து தேய்த்துவிடாதீர்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை துரு ஒன்றும் செய்யாது. தண்ணீரே சிவந்தால் கொஞ்சம் பச்சைத் தேயிலையைத் துணியில் கட்டிப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்புப் படலமாகும். கலம்காரியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பாவது போலத்தான்.

கேள்வி: சிங்கப்பூர்க் கடையில் ஒரு யீஷிங் டீ பாட் (சீனாவின் யீஷிங் ஊர் மண்ணில் செய்வது), 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பழைய சுரங்க மண், புகழ்பெற்ற கலைஞரின் முத்திரை என்கிறார்கள். வாங்கலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: முத்திரைக்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். முத்திரையை யார் வேண்டுமானாலும் செதுக்கலாம். யீஷிங் கலைஞர் கு ஜிங்ஜோவின் (1915–1996) டீ பாட்டுகள் ஏலத்தில் கோடிக்கணக்கில் போனபின் அவர் பெயரில் வரும் போலிகளுக்கு அளவில்லை. யீஷிங் மண் எடுத்த ஹுவாங்லோங்ஷான் சுரங்கத்தை 2000-களின் நடுவில் மூடியது உண்மை. ஆனால் கையிலிருக்கும் மண் அங்கிருந்து வந்ததுதானா என்பதற்குக் கடைக்காரர் சொல்தான் சாட்சி. 2010-இல் சீன அரசுத் தொலைக்காட்சியே சாதாரண மண்ணில் வேதி நிறமி கலந்து விற்பதைப் படம்பிடித்துக் காட்டியது.

கடையில் நீங்களே பார்க்கக்கூடியவை உண்டு. வெந்நீர் ஊற்றி முகருங்கள். மெழுகோ மருந்தோ வாடை வந்தால் வைத்துவிடுங்கள். ஊற்றும்போது தாரை சிதறாமல் விழ வேண்டும், நிறுத்தினால் மூக்கில் சொட்டக்கூடாது. மூடியின் துளையை விரலால் அடைத்தால் தாரை நிற்க வேண்டும். உள்ளே சுழல் சுழலாகக் கோடு தெரிந்தால் சக்கரத்தில் செய்தது. யீஷிங் வழக்கம் மண் தகட்டைத் தட்டிச் சேர்ப்பது. பளீர் நீலம், பளீர் பச்சை வேண்டாம்.

மீன்குழம்புச் சட்டியில் நாம் பால் காய்ச்சுவதில்லை. மெருகில்லாத இந்த மண்ணும் அப்படித்தான், மணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு டீ பாட்டுக்கு ஒரு வகைத் தேயிலைதான். நீங்கள் இன்னும் பல வகைகளைச் சுவைத்துப் பார்க்கும் கட்டத்தில் இருந்தால், 100 மில்லி வெள்ளைப் பீங்கான் கைவான் ஒன்று வாங்குங்கள். மூடி, கிண்ணம், தட்டு, அவ்வளவுதான். எந்த மணமும் ஒட்டாது, இலையின் குறை நிறை அப்படியே தெரியும். மனதுக்குப் பிடித்த தேயிலை எதுவென்று தெரிந்தபின் அதற்கென ஒரு டீ பாட் வாங்கலாம்.

கேள்வி: குவாங்ஜோ போன நண்பர் ‘1965-ஆம் ஆண்டு பழுத்த பூஅர்’ (வட்டாக அழுத்தி விற்கும் சீனத் தேயிலை) வட்டு ஒன்றைப் பெரிய விலைக்கு வாங்கி வந்தார். உண்மையா? (திருப்பூர் வாசகர்)

பதில்: இல்லை. ஈரக் குவியலாக வைத்து இலையை விரைவில் பழுக்க வைக்கும் முறையைக் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலை உருவாக்கியதே 1973-இல். 1965-இல் இன்று ‘பழுத்த பூஅர்’ என்று விற்கப்படும் வகையே கிடையாது. பச்சை பூஅர்தான் காலப்போக்கில் முதிர்ந்துவந்தது. 357 கிராம் எடை, பழுப்பேறிய உறைத்தாள் எல்லாம் சான்றாகாது. பூஞ்சை வாடை இல்லாமல் மண்மணம் மட்டும் இருந்தால் குடிக்கலாம், ஆனால் பழங்காலச் சரக்கென்று கொடுத்த விலையைத் திரும்பக் கேட்க வழி இல்லை. மசாலா டப்பாக்களிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு கற்க ஆசை. 15,000 ரூபாய்க்கு முழு செட் கிடைக்கிறது, முதலில் அதை வாங்கிவிடலாமா? (புதுச்சேரி வாசகி)

பதில்: ஆசிரியர் கிடைக்கும்வரை வாங்காதீர்கள். தேநீர்ச் சடங்குக்கு வடிவம் தந்த ஆசான் சென் நோ ரிக்யூவின் (1522–1591) வழித்தோன்றல்கள் நடத்தும் பள்ளிகள் மூன்று: ஓமோதேசென்கே, உராசென்கே, முஷாகோஜிசென்கே. கலக்கும் மூங்கில் துடைப்பமான சாசெனில்கூட அவர்களுக்குள் வித்தியாசம் உண்டு: முதலாவதில் புகையேறிய மூங்கில், இரண்டாவதில் வெள்ளை மூங்கில், மூன்றாவதில் கருமூங்கில். நுரை எவ்வளவு வர வேண்டும் என்பதும் மாறும். செட்டில் வருவது உங்கள் ஆசிரியரின் வழிக்கு ஒத்துவராமல் போகலாம்.

வீட்டில் பழகிப் பார்க்க ஒரு சாசென் மட்டும் வாங்குங்கள். ஜப்பானில் செய்யப்படுவதில் பெரும்பகுதி நாரா மாகாணத்துத் தகாயாமாவிலிருந்து வருகிறது. ஒரே மூங்கில் துண்டைக் கத்தியால் பிளந்து பிளந்து செய்வது. தொடக்கத்துக்கு 80 அல்லது 100 இழை வகை போதும். கிண்ணம் வாய் அகன்றிருந்தால் வீட்டில் இருக்கும் எதுவும் ஆகும். கலக்குவதற்கு முன் நுனியை வெந்நீரில் ஒரு நிமிடம் நனையுங்கள், உலர்ந்த இழை ஒடிந்துவிடும். முடிந்ததும் வெறும் நீரில் அலசி, வந்த பிளாஸ்டிக் குழாயில் திரும்பப் போடாமல் காற்றில் உலரவிடுங்கள். அந்தக் குழாய்க்குள் ஈரத்தோடு அடைத்துத்தான் பலருடைய சாசென் பூஞ்சை பிடிக்கிறது.