முன் அனுபவம் இல்லாம அக்டோபர்ல ஹண்டர் மலை ஃபயர் டவருக்கு ஒரே நாள்ல ஏறி இறங்க முடியுமா?

முடியும். ஆனா கேள்விக்குக் கீழ "கூட வர்றவங்க எல்லாம் ஜிம் பார்ட்டி, நான்தான் ஸ்லோ, அவங்களுக்கு பாரமாயிடுவேனோன்னு பயமா இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதில்.

உங்களுக்கு முப்பது சொச்சம் வயசுன்னு வச்சுக்கறேன். எனக்கு ஐம்பதைத் தாண்டியாச்சு, மாடிப்படி இறங்கினாலே முழங்கால் சத்தம் போடும், நானே ஏறி இறங்கிட்டேன். ஹண்டர் மலை 4,040 அடி, அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்து கேட்ஸ்கில்ஸ் மலைத்தொடர்ல ரெண்டாவது உயரமான மலை, உச்சியில காட்டுத்தீயைக் கண்காணிக்கக் கட்டின ஃபயர் டவர் நிக்குது. இதைச் சொன்னதும் "கொடைக்கானலே ஏழாயிரம் அடி, இதெல்லாம் ஒரு மலையா"ன்னு கேக்க ஒருத்தர் வருவாரு. சார், கொடைக்கானலுக்கு நீங்க பஸ்ல போனீங்க.

எங்க குரூப்ல பிளான் போட்டவரு பெக்கர் ஹாலோ வழியை எடுத்தாரு, ஏன்னா அது "ஷார்ட்". ஷார்ட்தான், ரெண்டு மைலுக்குக் கொஞ்சம் மேல, ஆனா அதுக்குள்ள சுமார் 2,200 அடி ஏறணும். ஸ்ப்ரூஸ்டன் பக்கம் பழைய ஜீப் ரோடு இருக்கு, போக வர ஏழு மைல் பக்கம் ஆகும், ஆனா அகலமான பாதை, ஏத்தம் கொஞ்சம் கொஞ்சமா வரும். நீங்க அதுல போங்க. மைல் கணக்கு மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவங்க பேச்சைக் கேக்காதீங்க.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன். வேகமா போறவங்க முன்னாடி போய் ஒரு பாறையில உக்காந்து தண்ணி குடிச்சு, நட்ஸ் தின்னு, செல்ஃபி எடுத்து, நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு இருப்பாங்க. நான் மூச்சு வாங்க அங்க போய்ச் சேருவேன், உடனே "ஆங், எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா"ன்னு பையை மாட்டிடுவாங்க. அதாவது நல்லா நடக்கிறவனுக்கு இருபது நிமிஷம் ரெஸ்ட், நடக்க முடியாதவளுக்கு ஒண்ணும் கிடையாது, இதுல யாரு யாருக்கு பாரம்னு நீங்களே சொல்லுங்க. ரெண்டாவது தடவை அப்படி நடந்தப்ப நான் அதே பாறையில உக்காந்துட்டேன், "நீங்க போங்க, எனக்கு இன்னும் பத்து நிமிஷம்"னுட்டேன். ஒருத்தர் மூஞ்சியும் சரியில்ல. இருக்கட்டும்.

மேல டவரைப் பத்தியும் சொல்லணும். அறுபது அடி இரும்பு டவர், 1917ல நிறுத்தினது, செஞ்சு கொடுத்தது காத்தாலை தயாரிக்கிற கம்பெனி, பார்த்தாலே தெரியும். அந்தக் காலத்துல நியூயார்க் காடுகள்ல, அதுவும் 1903லயும் 1908லயும், பயங்கரமா தீ புடிச்சதுக்கப்புறம்தான் 1909லேருந்து அரசாங்கம் இந்த மாதிரி மலை உச்சியில ஆள் வச்சு புகை பார்க்க ஆரம்பிச்சுது. சுத்தி இருக்கிற இடத்தோட மேப் ஒரு வட்ட மேஜையில இருக்கும், மேல குறி பார்க்கிற சட்டம், அதைப் புகை பக்கம் திருப்பி எந்தத் திசைன்னு அப்பல்லாம் போன்ல சொன்னாங்க, இன்னொரு டவர்காரர் சொன்ன கோடும் இதுவும் எங்க வெட்டிச்சோ அங்கதான் தீ. படி ஏறும்போது மரங்களைத் தாண்டினதும் காத்து அடிக்கும் பாருங்க, வேர்வையில நனைஞ்ச சட்டை ஐஸ் மாதிரி ஒட்டிக்கும், மாத்திக்க ஒண்ணு கண்டிப்பா பையில வைங்க. உச்சியில இலை கலரைத் தேடாதீங்க, அங்க ஊசியிலை மரம்தான், பச்சையாவே நிக்கும். சிவப்பு மஞ்சளெல்லாம் கீழ பள்ளத்தாக்குல.

ஏர்றதை விட இறங்கறதுதான் ஆபத்து. உதிர்ந்த இலை ஈரத்தோட கல்லை மூடிக்கிட்டு கிடக்கும், காலை வச்சா அடியில உருண்டைக் கல்லா, வேரா, குழியான்னே தெரியாது. நான் ஒவ்வொரு அடிக்கும் கம்பை முதல்ல ஊனிப் பார்த்துட்டுத்தான் கால் வச்சேன், பின்னாடி வந்தவங்க அலுத்துக்கிட்டாங்க, அதுல ரெண்டு பேரு சறுக்கி உக்காந்தாங்க, நான் விழல. (இதைச் சொல்றதுல எனக்கு சந்தோஷம்தான், திட்டறவங்க திட்டிக்கோங்க.)

அக்டோபர் நடுவுல ஆறே காலுக்கெல்லாம் சூரியன் போயிடும், மரத்துக்குள்ள அதுக்கும் முன்னாடியே இருட்டு. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சதும் அஞ்சுக்கு முன்னாலேயே முடிஞ்சுது. அதனால ஹெட்லேம்ப் எடுத்துக்கோங்க, போன் லைட்டை நம்பாதீங்க, ஒரு கையில கம்பு ஒரு கையில போன்னா எதைப் புடிச்சு இறங்குவீங்க?

இதுக்கு சம்பந்தமில்ல, ஆனா சொல்லிடறேன்: அன்னிக்கு குரூப்ல நூத்துக்கணக்குல போட்டோ போட்டாங்க, டவர் உச்சியில நான் நின்ன ஒரு படம்கூட இல்ல. எடுத்தவருக்குத் தெரியும் ஏன்னு.

நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் பேசி வச்சுக்கோங்க: கடைசியா வர்றவங்க வந்து சேர்ந்த பிறகுதான் ரெஸ்ட் டைம் ஆரம்பம். இதுக்கு ஒத்துக்கலைன்னா வேற ஆளுங்களோட போங்க, மலை எங்கயும் போயிடாது.